கோலை மாற்றலாம், உடலை மாற்றக் கூடாதா?

கேள்வி: வலிகாமத்துப் பயிற்றுநர்

அனைவருக்கும் வணக்கம். வலிகாமத்திலுள்ள பாடசாலை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கோலூன்றிப் பாய்தலுக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கும் பயிற்சி அளித்து வருகிறேன். சென்ற வாரம் மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. விடை சொல்லாமலே அவளை வீட்டுக்கு அனுப்பியது மனதை உறுத்திக்கொண்டே இருப்பதால், இவ்விடயத்தை அறிந்தவர்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

போர்க்காலத்தில் நான் பொறுப்பேற்றபோது எங்களிடம் இருந்தவை இரண்டு மூங்கில் கோல்கள் மட்டுமே. கணு வெடித்துவிடாதபடி அவற்றைச் சணல் கயிற்றால் இறுகச் சுற்றி வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறந்த பின்னர், பழைய மாணவர் சங்கத்தின் இலண்டன் கிளையினர் கண்ணாடியிழைக் கோல் ஒன்றை வாங்கித் தந்தார்கள். பேருந்தில் ஏற்ற முடியாத நீளம் என்பதால், கொழும்பில் வெங்காயத்தை இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியொன்றின் மேல் கிடத்தி, நுனியில் சிவப்புத் துணி கட்டிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மூங்கிலில் 2.70 மீற்றரோடு நின்றுபோயிருந்த பையன் ஒருவன் இரண்டு மாதங்களுக்குள் 3.10 மீற்றரைத் தாண்டினான். ஓடிய கால்களும் தூக்கிய தோள்களும் அவனுடைய பழைய கால்களும் தோள்களுமே. அதை முறைகேடு என்று எவரும் சொல்லவில்லை. அதிபர் காலைப் பிரார்த்தனையில் அவனை மேடைக்கு அழைத்துப் பாராட்டினார்.

உலக அளவிலும் இதுதானே நடந்திருக்கிறது. அமெரிக்கரான கோர்னேலியஸ் வார்மர்டாம் 1942 இல் மூங்கில் கோலால் 4.77 மீற்றர் பாய்ந்தார். சுவீடனின் டுப்பிளான்ரிஸ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 6.25 மீற்றர் பாய்ந்தார். இடையிலுள்ள ஏறக்குறைய ஒன்றரை மீற்றரில் மனிதனுடைய பங்கு எவ்வளவு, கோலின் பங்கு எவ்வளவு, விழுகின்ற மெத்தையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

இப்போது நடந்தவற்றுக்கு வருகிறேன். எங்கள் 5,000 மீற்றர் ஓட்டக்காரன் ஒருவனுக்கு ரொறன்ரோவிலுள்ள அவனுடைய மாமா, படுக்கையைச் சுற்றி அமைக்கும் கூடாரம் ஒன்றை அனுப்ப விரும்புகிறார். அதற்குள் ஒட்சிசனைக் குறைத்துவிடுவார்களாம். இரவில் அதில் தூங்கினால் மலைமேல் வாழ்ந்ததற்கு ஒப்பான பலன் குருதிக்குக் கிடைக்குமாம். இது ஒருபுறம் இருக்க, கோலூன்றிப் பாயும் 17 வயது மாணவியிடம், நகரத்தில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் உதவியாளராக இருப்பவர், “எல்லோரும் எடுப்பதுதான், மூன்று மாதத்தில் தோள் திரண்டுவிடும்” என்று சொல்லிச் சில மாத்திரைகளைக் கொடுத்திருக்கிறார். பிள்ளை அவற்றை விழுங்கவில்லை. கொப்பித் தாளில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பத்து மாத்திரைகள், வெள்ளி உறையின் பின்புறத்தில் பெயரோ திகதியோ அச்சிடப்பட்டிருக்கவில்லை. அவற்றைத் தந்துவிட்டு அவள் கேட்டது இதுதான்: “சேர், கோலை மாத்தினா அது முன்னேற்றம், உடம்பை மாத்தினா அது களவு. ஏன் சேர்?”

விதி என்ன என்பது எனக்குத் தெரியும். விளையாட்டில் ஊக்கமருந்தைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் எங்கள் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அந்த மாத்திரைகளை அவள் எடுக்கக் கூடாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால் அவள் கேட்டது விதிக்குப் பின்னால் நிற்கும் நியாயத்தை. கோலும் தொழில்நுட்பம், கூடாரமும் தொழில்நுட்பம், மாத்திரையும் தொழில்நுட்பம் என்றால், எல்லைக் கோட்டை எந்த இடத்தில், எந்த நியாயத்தின் பேரில் போடுகிறோம்? பயிற்றுநராக நான் அவளுக்கு என்ன சொல்ல வேண்டும்?


மறுமொழி 1: கோண்டாவில் மருத்துவன்

ஐயாவுக்கு வணக்கம். மாத்திரைகளை விழுங்காமல் உங்களிடம் கொண்டுவந்து தந்த அந்தப் பிள்ளையை முதலில் பாராட்டுங்கள். பெயர் அச்சிடாத உறைக்குள் என்ன இருக்கிறது என்பது கொடுத்தவருக்கே தெரிந்திருக்காது. கடைகளில் வெளிப்படையாக விற்கப்படும் ஊட்டச்சேர்க்கைகளில்கூட இந்தச் சிக்கல் உண்டு. ஜேர்மனியின் கொலோன் நகர ஆய்வுகூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டச்சேர்க்கைகளைச் சோதித்து 2004 இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றில் 94 இல் உறையில் குறிப்பிடப்படாத ஓமோன் சார்ந்த பொருட்கள் கலந்திருந்தன. ஊக்கமருந்து விதிகளிலோ, சிறுநீர் மாதிரியில் அகப்பட்ட பொருளுக்கு வீரரே பொறுப்பாளி. தெரியாமல் உட்கொண்டேன் என்று சொல்வதால் தண்டனை குறையலாமே தவிரக் குற்றம் நீங்காது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இயற்கையானது சரி, செயற்கையானது பிழை என்ற கோட்டை நம்மில் பலர் மனதில் வைத்திருக்கிறோம். விதிகள் அந்தக் கோட்டில் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு பொருள் ஆற்றலைக் கூட்டக்கூடியதா, உடல்நலத்துக்கு ஆபத்தானதா, விளையாட்டின் உணர்வுக்கு மாறானதா என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் அதைத் தடைப் பட்டியலில் சேர்க்கலாம். கோப்பியிலுள்ள கஃபீன் ஓட்டக்காரருக்கு உதவும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. இருந்தும் 2004 இல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கூடாரத்தைப் பற்றி ஐயா கேட்டதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் விடையின் ஒரு பகுதி அதற்குள்ளேயே இருப்பதாக நான் நினைக்கிறேன். காற்றில் ஒட்சிசன் குறைந்தால் அதைச் சிறுநீரகம் உணர்ந்து, எரித்ரோபொயற்றின் என்ற ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த ஓமோன் எலும்பு மச்சைக்குப் போய்ச் செங்குருதிக் கலங்களைப் பெருக்குகிறது. போதுமான கலங்கள் சேர்ந்து, இழையங்களுக்கு ஒட்சிசன் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் சிறுநீரகம் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. அதாவது கூடாரத்தில் படுத்தாலும் நுவரெலியாவில் படுத்தாலும், எவ்வளவு போதும் என்று தீர்மானிப்பது உடல்தான். அதே ஓமோனை ஊசியில் ஏற்றும்போது அந்தத் தீர்மானம் ஊசி போடுபவரின் கைக்குப் போய்விடுகிறது. குருதி தடித்து, இரவில் இதயம் மெதுவாகத் துடிக்கும் வேளையில் உறைவதற்கான ஆபத்து கூடுகிறது. 1990 களில் மிதிவண்டிப் பந்தயங்களில் இது எவ்வளவு பரவியிருந்தது என்றால், 1997 இல் குருதியில் செங்கலங்களின் பங்கு 50 வீதத்தைத் தாண்டிய ஆண் வீரரை ஓடவிடுவதில்லை என்று சர்வதேசச் சங்கமே வரம்பு கட்ட வேண்டி வந்தது.

ஆனால் இந்த விளக்கமும் முழுமையானதல்ல. 2006 இல் முகவரகத்தின் அறநெறிக் குழு கூடாரத்தை ஆராய்ந்து, வீரர் எந்த முயற்சியும் செய்யாமல் சும்மா படுத்திருக்கையிலேயே பலன் கிடைப்பதால் அது விளையாட்டின் உணர்வுக்கு மாறானது என்று கருதியது. அப்படியிருந்தும் முகவரகம் தடை செய்யவில்லை. உடலின் அதே பொறிமுறையைத் தூண்டுவதாகக் கருதப்படும் செனன் வாயுவை 2014 இல் தடை செய்தார்கள். இந்த இடத்தில் விதியின் தர்க்கம் எனக்குத் திருப்தி தரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். மலைநாட்டுப் பிள்ளைக்குப் பிறப்பிலேயே 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியா கிடைக்கிறது. ஏறுவதற்கு ஒரு குன்றுகூட இல்லாத எங்கள் மண்ணில் பிறந்தவன் அதைத் துணிக் கூடாரத்தில் தேடினால், அதை எப்படிக் களவு என்பது? பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்ரிரான்ராவுக்கு மலைகூடத் தேவைப்படவில்லை. அவருடைய குடும்பத்தில் வழிவழியாக வந்த ஒரு பரம்பரையலகு மாற்றமே செங்குருதிக் கலங்களை மிகுதியாக உண்டாக்கியது என்று பின்னர் கண்டறிந்தார்கள். ஒலிம்பிக்கில் ஏழு பதக்கங்கள் பெற்றவர் அவர்.

உங்கள் மாணவனைப் பொறுத்தவரை, கூடாரம் வந்து சேருவதற்கு முன்னர் அவனுடைய ஈமோகுளோபினையும் இரும்புச் சேமிப்பையும் சோதித்துப் பாருங்கள். இரும்பு குறைந்த உடலில் கூடாரத்தால் பெரிய பயன் இல்லை. தூக்கம் கெடுவதுதான் மிஞ்சும். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு முதலில் தேவைப்படுவது முருங்கைக்கீரையும் மீனும் போதிய உறக்கமும்.


மறுமொழி 2: கால் செய்பவள்

யாழ்ப்பாணத்தில் செயற்கைக்கால் பொருத்தும் வேலையைப் பதினான்கு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். “உடம்பை மாத்தினா” என்று அந்தப் பிள்ளை கேட்டதைப் படித்தபோது, என் மேசையில் காய்ந்துகொண்டிருந்த பிளாஸ்டர் அச்சைத்தான் திரும்பிப் பார்த்தேன். முன்னர் எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் மிதிவெடியில் காலை இழந்தவர்கள். இப்போது நீரிழிவால் இழந்தவர்களும் நிறைய வருகிறார்கள்.

எங்கள் வேலை எப்படிப்பட்டது என்று ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். புதிய காலைப் பூட்டி, கம்பிகளுக்கு நடுவே பத்து நிமிடம் நடக்கவிட்டு, பிறகு கழற்றிவிட்டு, எஞ்சிய காலின் தோலைப் பார்ப்போம். முழங்காற் சில்லுக்குக் கீழே சிவந்திருந்தால் நல்லது. அங்கேதான் பாரம் இறங்க வேண்டும். முன்னெலும்பின் விளிம்பில் சிவந்திருந்தால் எஞ்சிய காலை ஏந்தும் கிண்ணத்தை மீண்டும் அராவ வேண்டும். ஒருவருக்கு இதை ஏழு தடவை செய்திருக்கிறேன். ஏழாவது தடவை அவர் தோட்டத்து வரம்பில் விழாமல் நடந்தார். ஜெய்ப்பூரில் 1960 களின் பிற்பகுதியில் கைவினைஞரான ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் உருவாக்கிய றப்பர் பாதம், சப்பாத்து இல்லாமல் சேற்றில் இறங்கவும் குந்தியிருக்கவும் வேண்டிய மனிதர்களுக்காகவே உருவானது. அதை எவரும் அநீதி என்று சொன்னதில்லை.

அநீதி என்ற சொல் எப்போது வருகிறது என்றால், அப்படிப்பட்டவர் வெல்லத் தொடங்கும்போது. தென்னாபிரிக்காவின் ஒஸ்கார் பிஸ்ரோறியஸ் (பிற்காலத்தில் அவர் செய்த கொலையைப் பற்றி இங்கே நான் பேச வரவில்லை) காபன் நார்த் தகடுகளில் ஓடினார். 2008 ஜனவரியில் உலக மெய்வல்லுநர் சம்மேளனம் அவரைத் தடுத்தது; அதே ஆண்டு மே மாதத்தில் விளையாட்டுக்கான நடுத்தீர்ப்பு மன்றம், தகடுகளால் அவருக்கு ஒட்டுமொத்த அனுகூலம் கிடைப்பதாகச் சம்மேளனம் நிரூபிக்கவில்லை என்று கூறித் தடையை நீக்கியது; 2012 இல் அவர் இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடினார். 2015 இல் நிரூபிக்கும் சுமையை வீரரின் தோளுக்கு மாற்றினார்கள்; 2020 இல் அதே மன்றம் அந்த மாற்றம் செல்லாது என்றது. ஜேர்மனியின் மார்க்குஸ் றெம் செயற்கைக்காலை ஊன்றி எழும்பி 2023 இல் 8.72 மீற்றர் நீளம் பாய்ந்தார். பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் கிடைத்தது 8.48 மீற்றருக்கு.

தொழிலறிந்தவள் என்ற வகையில் என் கருத்தை நேராகச் சொல்கிறேன்: றெம்மின் பாய்ச்சலையும் மற்றவர்களின் பாய்ச்சலையும் ஒரே வரிசையில் வைத்து இடம் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. தகட்டின் விறைப்பு எவ்வளவு, சரிவு எத்தனை பாகை, நீளம் எவ்வளவு என்பதை என்னைப் போன்ற ஒருவர் பட்டறையில் இருந்து தெரிவு செய்கிறார். அந்தப் பாய்ச்சலில் எத்தனை சென்ரிமீற்றர் பட்டறையுடையது என்று அளந்து கழிக்க எங்களுக்கு இன்னும் வழி தெரியாது. கோலூன்றிப் பாய்தலில் நிலைமை வேறு. அங்கே கோல் எல்லோர் கையிலும் இருக்கிறது. கோல் இல்லாமல் அந்தப் போட்டியே இல்லை. பிள்ளைக்குச் சொல்லக்கூடிய முதல் வேறுபாடு இது.

இரண்டாவது வேறுபாட்டை நான் என் கைகளால் அறிந்திருக்கிறேன். பாய்ந்து முடிந்ததும் கோலைக் கீழே வைக்கலாம். நாங்கள் பூட்டுகிற காலைக்கூட இரவில் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் தூங்குகிறார்கள். ஓமோன் மாத்திரையால் ஒரு பெண்பிள்ளையின் குரல் தடித்துவிட்டால், போட்டி முடிந்த பிறகு பழைய குரலை எங்கே போய் எடுப்பது? இனிமேல் பரம்பரையலகையே மாற்றப் போகிறார்கள் என்கிறார்கள். அதை 2003 இலேயே தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்றாலும், செய்து முடித்தபின் கழற்றுவதற்கு அதில் எதுவும் இல்லை.

மருத்துவர் ஐயா மான்ரிரான்ராவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனின் நினைவு வந்தது. 2006 இல் டோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றரில் வெள்ளி வென்றார். எந்த மாத்திரையும் எடுத்ததற்காக அல்ல, பாலினச் சோதனையின் பேரில் அவருடைய பதக்கத்தைப் பறித்தார்கள். ஒருவருடைய பிறவி வேறுபாடு திறமை என்று கொண்டாடப்படுகிறது, இன்னொருவருடைய பிறவி வேறுபாடு குற்றம்போல நடத்தப்படுகிறது. இயற்கையான உடல் எது என்று தீர்மானிப்பவர்கள் யார் என்ற கேள்வியை விட்டுவிட்டு இந்த விடயத்தைப் பேச என்னால் முடியவில்லை.


மறுமொழி 3: தென்மராட்சி ஓட்டக்காரன்

நான் மாறுபட்ட கருத்து உடையவன். பல்கலைக்கழக அணியில் ஓடுகிறேன். எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும், ஆனால் மருத்துவரின் கண்காணிப்பில் திறந்துவிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரைக் களமாகக் கொண்டு, தடைசெய்த பொருட்களை அனுமதிக்கும் போட்டி ஒன்றை 2025 இல் அறிவித்தார்கள். சில போட்டிகளில் உலகச் சாதனையை முறியடித்தால் பத்து இலட்சம் டொலர் என்றார்கள். அவர்களுடைய வணிக நோக்கம் எனக்கும் தெரியும். ஆனால் ஒளித்துச் செய்வதால்தான் பெயர் அச்சிடாத உறைகள் எங்கள் பிள்ளைகளின் கைக்கு வருகின்றன என்பதை எவராவது மறுப்பீர்களா?

சமத்துவம் என்ற சொல்லும் எனக்கு வலிக்கிறது. வேப்பர்ஃப்ளை சப்பாத்து வந்தபோது, தடித்த நுரை அடிப்பாகத்தையும் அதற்குள் இருக்கும் காபன் தகட்டையும் 2020 இல் அளந்து, 40 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கக் கூடாது, ஒரு தகட்டுக்கு மேல் கூடாது, சந்தையில் நான்கு மாதங்களாவது விற்பனைக்கு இருந்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். சந்தையில் இருந்தால் எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று நினைத்தார்கள் போலும். அந்தச் சப்பாத்து ஒரு சோடி வாங்கும் பணத்தில் எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு உலை வைக்கலாம். ரொறன்ரோவில் மாமா இல்லாத பிள்ளைக்குக் கூடாரமும் இல்லை, சப்பாத்தும் இல்லை. மாத்திரைதான் மலிவு. அதனால்தான் ஏழைப் பிள்ளையிடம் மாத்திரை வந்து சேருகிறது. இதைச் சொல்லாமல் அவளுக்கு அறம் கற்பிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.


மறுமொழி 4: வடமராட்சி ஆசிரியை (ஓய்வு)

தம்பி சொன்ன ஏழ்மை உண்மை. அந்தப் பத்தியை நானும் கண் கலங்கித்தான் வாசித்தேன். ஆனால் அதிலிருந்து தம்பி வந்து சேர்ந்த முடிவை முப்பத்தொரு ஆண்டுகள் பெண்பிள்ளைகளுக்கு உடற்கல்வி கற்பித்தவள் என்ற முறையில் நான் மறுக்க வேண்டியிருக்கிறது.

திறந்துவிட்டால் விரும்பியவர் எடுப்பார், விரும்பாதவர் விடுவார் என்று தம்பி நினைக்கிறீர்கள். களத்தில் அப்படி நடக்காது. எட்டுப் பேர் ஓடும் போட்டியில் மூவர் எடுத்தால், மற்ற ஐவருக்கும் எடுப்பதா விளையாட்டை விடுவதா என்ற தெரிவுதான் மிஞ்சும். கிழக்கு ஜேர்மனியில் அரசே மருத்துவர்களை வைத்து, தம்பி கேட்கும் அதே கண்காணிப்போடு இதைச் செய்தது. பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளுக்கு நீல நிற மாத்திரைகளை உயிர்ச்சத்து என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான கைடி கிரீகர் 1986 இல் ஐரோப்பியக் குண்டெறிதல் பட்டத்தை வென்றார். அந்த ஓமோன்களால் உடல் பெரிதும் மாறிப்போன அவர், 1997 இல் சத்திரசிகிச்சை செய்துகொண்டு அந்திரியாஸ் கிரீகர் என்ற ஆணாக வாழத் தொடங்கினார். தான் யார் என்பதைத் தானே அறிந்து தீர்மானிக்கும் உரிமையை அந்த மாத்திரைகள் தன்னிடமிருந்து பறித்துவிட்டன என்ற பொருளில் அவர் பின்னர் பேசினார். கண்காணித்த மருத்துவருக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்று கேட்டால், கண்காணிப்பு எவருடைய நன்மைக்கு என்பது தெரிந்துவிடும்.

எடுக்காதவருக்கு என்ன நடக்கிறது என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 2000 ஆம் ஆண்டு சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் 2007 இல் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். சுசந்திகாவின் பதக்கத்தை வெள்ளியாக உயர்த்தும் தீர்மானம் 2009 டிசம்பரில்தான் வந்தது. ஒன்பது ஆண்டுகள். மேடையில் இரண்டாம் படியில் நிற்கும் அந்த ஒரு நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்க எந்தத் தீர்மானத்தாலும் முடியாது.

பயிற்றுநர் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மண்ணில் பிறந்த எதிர்வீரசிங்கம் 1958 இல் தோக்கியோ ஆசியப் போட்டியில் உயரம் பாய்ந்து, ஆசியப் போட்டிகளில் இலங்கைக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் உயரம் பாய்பவர்கள் மணலிலோ மரத்தூளிலோ விழுந்தார்கள். அதனால் காலால் இறங்கும்படி பாய வேண்டியிருந்தது. நுரை மெத்தை வந்த பிறகுதான் 1968 இல் மெக்சிக்கோவில் அமெரிக்கரான டிக் ஃபொஸ்பெரி முதுகால் பாய்ந்து தங்கம் வென்றார். முதுகால் விழத் துணிவதற்கு மெத்தை வேண்டும். அந்த மெத்தை எவருடைய உடலையும் கெடுக்கவில்லை. கழுத்து முறியாமல் காத்தது, அதோடு மனித உடல் இப்படியும் எழும்பும் என்று ஒரு புதிய வழியையும் காட்டியது. எந்தத் தொழில்நுட்பத்தை வரவேற்பது என்று கேட்டால் நான் இந்த மெத்தையைத்தான் காட்டுவேன். நீச்சலில் நடந்தது இதற்கு எதிர்மாறு. உடலை இறுக்கி மிதக்கவைக்கும் உடைகளோடு 2009 இல் றோமில் நடந்த உலகப் போட்டியில் 43 உலகச் சாதனைகள் முறிந்தன. வென்றது நீந்தியவரா உடையா என்ற குழப்பம் முற்றி, 2010 ஜனவரியோடு அவற்றை நிறுத்தினார்கள். நல்ல முடிவு.

பதினேழு வயதுப் பிள்ளையின் சம்மதத்தை நான் சம்மதமாகவே எடுக்கமாட்டேன். முன்னால் நிற்கும் பெரியவரின் முகத்தைப் பார்த்துத்தான் அந்த வயதில் தலையாட்டுவார்கள். அந்த மாத்திரையைக் கொடுத்தவருக்கும் அது தெரியும்.


மறுமொழி 5: தென்மராட்சி ஓட்டக்காரன்

ஆசிரியையின் மறுமொழியை இரண்டு தடவை வாசித்தேன். மூவர் எடுத்தால் மற்ற ஐவருக்கும் தெரிவு இல்லாமல் போகும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை, அதை ஏற்கிறேன். சப்பாத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன். மாகாணப் போட்டியில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளையை இந்த ஆண்டும் பார்த்தேன்.


மறுமொழி 6: வலிகாமத்துப் பயிற்றுநர்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பயிற்சி முடிந்தபின் மாணவியை மெத்தையின் ஓரத்தில் இருத்தி, நீங்கள் எழுதியவற்றை என் சொற்களில் சொன்னேன். கோல் எல்லோர் கையிலும் இருக்கிறது என்பதையும், பாய்ந்தபின் அதைக் கீழே வைக்கலாம் என்பதையும் சொன்னேன். கிரீகரின் கதையையும் மறைக்கவில்லை. அவள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவாக்கு உயிர்ச்சத்து எண்டு சொன்னவை. எனக்கு எல்லாரும் எடுக்கினம் எண்டு சொன்னவர்” என்றாள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாத்திரை கொடுத்தவரைப் பற்றி அவளுடைய தாயாரோடும் அதிபரோடும் பேசிவிட்டேன். என்ன செய்வது என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள்.

கூடார விடயத்தில் ரொறன்ரோ மாமாவுக்கு நானே தொலைபேசியில் அழைத்தேன். பையனின் இரும்புச் சேமிப்பு குறைவு என்று குருதிச் சோதனையில் தெரியவந்திருப்பதைச் சொன்னதும், கூடாரத்தை இப்போதைக்கு நிறுத்திவைக்க அவர் உடன்பட்டார். அந்தப் பணத்தில் மார்கழி விடுமுறையில் நான்கு பிள்ளைகளை நுவரெலியாவுக்கு மூன்று வாரம் அழைத்துச்சென்று தங்கவைக்க முடியுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். மருத்துவர் சொன்ன தர்க்கப்படி இரண்டும் ஒன்றுதான் என்றாலும், கூடாரத்தில் ஒருவன் மட்டும் தூங்குவான், மலைக்கு நால்வர் போகலாம் என்பது எனக்குப் போதுமான வேறுபாடாகத் தெரிகிறது.

இன்னொரு விடயத்தையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். பேசி முடித்து எழும்பும்போது அவள், தான் இரண்டு கிலோ கூடிவிட்டதாகச் சொன்னாள். எங்கள் கோலில் எழுதியிருக்கும் எடை 54 கிலோ. தராசில் நிறுத்திப் பார்த்தேன், அவள் இப்போது 56. தன் எடைக்குக் குறைந்த கோலில் பாயவிடுவது ஆபத்து என்பதால் நேற்றிலிருந்து ஓட்டமும் தொங்கல் பயிற்சியும் மட்டுமே செய்கிறாள். 3.70 மீற்றர் நீளத்தில் 57 அல்லது 59 கிலோ என்று எழுதிய கோல் எந்தப் பாடசாலையிலாவது சும்மா கிடந்தால், மாகாணப் போட்டி முடியும் வரை தந்துதவ முடியுமா? லொறியை நான் ஒழுங்கு செய்கிறேன்.